கிரானில் இல்லாத இஞ்சின்



வழக்கமாக ஒற்றெழுத்து, கட்டுரைப் பயிற்சி, வாசிப்பு என்று எழுதுகின்றவன், இன்று மகிழுந்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். 'இவருக்கு என்ன ஆயிற்று?' எனச் சிலர் எண்ணக்கூடும். என் பள்ளி நண்பர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. காலையில் நான் பள்ளி வளாகத்திற்குள் நுழையும் ஓசையை அவர்கள் நன்கு அறிவார்கள்!

என்னிடம் 1997ஆம் ஆண்டில் பதிவான புரோட்டோன் சத்ரியா ஒன்று உள்ளது. மூன்று கதவுகள் கொண்ட சிறிய மகிழுந்து. பெயர் நம் நாட்டுப் பெயர்தான். ஆனால் அதன் உடற்கூடு மிட்சுபிஷி மிராஜ் என்னும் ஜப்பானிய மகிழுந்தினுடையது. ஆகவே மிராஜின் பாகங்கள் அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்துவதுபோல் இதற்குப் பொருந்திவிடும். சத்ரியா, வீரா உரிமையாளர்கள் பலருக்குத் தூக்கம் கெட்டதும் பணம் கரைந்ததும் இதனால்தான்.

அறியாதவர்களுக்காக 'ஹாஃப் கட்' என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஜப்பானில் ஒரு புதிய மகிழுந்துக்கு மூன்று ஆண்டுகளில் முதல் கட்டாயப் பரிசோதனை வரும். பின்னர் ஈராண்டுக்கு ஒரு முறை. 'ஷாக்கென்' எனப்படும் அப்பரிசோதனைக்குச் செலவு அதிகம். வண்டி பழையதாக ஆக, பழுது பார்த்துத் தேற வைப்பதைவிடக் கைவிடுவதே மேல் எனப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கும் இங்கும் சாலையின் இடப்புறம்தான் ஓட்டுகிறோம், திசைமாற்றி வலப்புறம். ஆனால் முழு மகிழுந்தாக இங்கே கொண்டுவர வேண்டுமானால் இறக்குமதி உரிமம் வேண்டும், வரிகள் உண்டு. எனவே முன்பாதியை மட்டும் அறுத்து, உதிரிப் பாகமாகக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். இஞ்சின், கியர் பெட்டி, கணினிப் பெட்டி, மின்கம்பிகள், முன்சக்கர பிரேக்குகள், மீட்டர் பலகை எல்லாம் அதிலேயே இருக்கும். கிள்ளான், மேரு, காப்பார் பக்கம் போனால் இப்படிப்பட்ட 'தலைகள்' வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். முதன்முறை பார்த்தபோது எனக்கு இறைச்சிக் கடை நினைவுதான் வந்தது.

நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாள்களில் எங்கள் விடுதியில் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். பற்றிப் பேசாத இரவு கிடையாது. 1989இல் வெளிவந்த அம்மகிழுந்தின் இஞ்சின் 2,568 சி.சி. கொண்டது, இரட்டை டர்போ, ஆற்றல் 280 குதிரைத் திறன் என்று தாளில் எழுதியிருக்கும். ஜப்பானிய நிறுவனங்கள் 280க்கு மேல் அறிவிப்பதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. 2004 வரை அது நீடித்தது. ஆனால் ஆசிரியர் சம்பளத்தில் ஸ்கைலைன் ஏது? அவ்வளவு சி.சி.க்குத் தீபகற்ப மலேசியாவில் சாலை வரி மட்டுமே ஆண்டுக்கு 1,050 ரிங்கிட். நம் கைக்கு எட்டியது மிராஜின் 'மைவெக்' இஞ்சின். 1,597 சி.சி.தான், டர்போ இல்லாமலேயே 175 குதிரைத் திறன்! சாலை வரி 90 ரிங்கிட்.

2014ஆம் ஆண்டு 1.3 லிட்டர் சத்ரியாவை வாங்கினேன். மறு ஆண்டே ஒரு பட்டறையில் கொடுத்து மைவெக் ஹாஃப் கட்டை இறக்கி அதில் பொருத்தினேன். வீட்டில் அதன் விலையைப் பாதியாகச் சொன்னேன் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த இஞ்சினின் சுவை என்னவென்று கேட்பீர்கள். அதன் கேம் தண்டில் இருவகை மேடுகள் உண்டு. மெதுவாகச் செல்லும்போது தாழ்ந்த மேடு வால்வுகளைத் திறந்து மூடும். சுற்று ஐயாயிரத்தைக் கடந்த பிறகு எண்ணெயின் அழுத்தம் உள்ளே ஒரு பூட்டைத் தள்ளிவிட, உயர்ந்த மேடு வேலையை ஏற்றுக்கொள்ளும். அக்கணமே ஓசை மாறும். அதுவரை முணுமுணுத்துக் கொண்டிருந்தவன் திடீரென உரத்த குரலில் பாட எழுந்தாற்போல் இருக்கும். ஞாயிறு அதிகாலையில் உலு யாம் சாலையில் அவ்வோசையைக் கேட்பதற்காகவே எழுந்திருக்கிறேன். நாற்பது மாணவர்களின் பயிற்சி நூல்களைத் திருத்திய களைப்பு அதில் போய்விடும்.

சரி, இனி எழுதத் தயங்கியதை எழுதுகிறேன்.

இஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும். பட்டறைக்காரர் "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் சார், அப்புறம் செய்யலாம்" என்றார். அந்த 'அப்புறம்' ஏழு ஆண்டுகள் நீண்டது. ஒவ்வோர் ஆண்டும் 1.3 லிட்டருக்கான 70 ரிங்கிட் சாலை வரியைச் செலுத்தி, காப்புறுதியையும் எவ்வித மாற்றமும் இல்லாத வண்டி என்றே புதுப்பித்து வந்தேன். வேறுபாடு 20 ரிங்கிட்தான். அந்த 20 ரிங்கிட்டுக்காகவா செய்தேன்? இல்லை. சோம்பலும், 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற எண்ணமும்தான். அதே ஏழாண்டுகளில் நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் கற்பித்தேன்.

2022இல் வண்டி சூடேறத் தொடங்கியது. பழைய பட்டறை அதற்குள் மூடப்பட்டுவிட்டது. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் காப்பாரில் ஒரு பையன் நன்றாகச் செய்கிறான் என்றார். போனேன். இஞ்சின் மூடியைத் திறந்துகொண்டே "சார், என்னைத் தெரியவில்லையா?" என்றான் அந்தப் போமன்.

2008இல் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். இருபத்தாறு வயது வாலிபரை 'அவன்' என எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. தமிழ்க் கட்டுரை வேளையில் மேசைக்கடியில் நோட்டுப் புத்தகம் வைத்து மகிழுந்துகளாக வரைந்து தள்ளுவான். 'இனிஷியல் டி' என்னும் ஜப்பானியப் படக்கதையில் டோஃபு கொண்டுசெல்லும் பையன் ஓட்டுவானே, அந்த வெள்ளைக் கறுப்பு டொயோட்டா ஏ.இ. 86, பக்கம் பக்கமாக. அந்த நோட்டைப் பறித்துக்கொண்டு அவன் அம்மாவை வரவழைத்தேன். அவனும் பக்கத்தில் நிற்க, "இப்படியே போனால் உங்கள் மகன் காடி கழுவத்தான் போவான்" என்றேன். அந்தத் தாயார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அன்று என் கடமையைச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

இடைநிலைப்பள்ளிக்குப் பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றானாம். சான்றிதழைச் சட்டமிட்டுப் பட்டறைச் சுவரில், சாமி படத்திற்குக் கீழே மாட்டியிருந்தான்.

வண்டியை மேலே தூக்கி, கைவிளக்கைப் பிடித்துச் சுற்றி வந்தவன், இஞ்சினை அதிகம் பார்க்கவில்லை. முன்சக்கரத்தண்டை வெகுநேரம் நின்றான். "சார், இஞ்சின் மைவெக். பிரேக் மட்டும் பழைய ஒன் பாயிண்ட் திரீ பிரேக். ஹாஃப் கட்டோடு வந்த பிரேக்கை அவர்கள் தனியாக விற்றுவிட்டார்கள் போலிருக்கிறது" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன்தான் பொறுமையாக விளக்கினான். பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. வேகம் இருமடங்கானால் அது விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. சிறிய தட்டு அவ்வெப்பத்தைத் தாங்காது. அடுத்தடுத்து மிதிக்கும்போது பிடிப்பு குறைந்துகொண்டே போகும். "முதலில் பிரேக், அடுத்தது டயர், அதற்கப்புறம்தான் இஞ்சின். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள் சார்." நான் வகுப்பில் உட்கார்ந்திருப்பவன்போல் தலையாட்டிக் கொண்டிருந்தேன்.

பிறகு கிரானைக் கேட்டான். அதிலுள்ள எண்ணையும் இஞ்சினில் பொறித்திருந்த எண்ணையும் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தான். சற்று நேரம் கழித்து, "சார், இதில் பிள்ளைகளை ஏற்றுவீர்களா?" என்று கேட்டான்.

ஏற்றியிருக்கிறேன். 2019இல் மாவட்டக் கதை சொல்லும் போட்டிக்கு மூன்று மாணவர்களை இதே வண்டியில் அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில் நல்ல மழை. சமிக்ஞை விளக்கில் முன்னே நின்ற லாரிக்கு ஒரு முழம் தள்ளித்தான் வண்டி நின்றது. பின்னிருக்கையில் இருந்த பிள்ளைகள் விளையாட்டு என நினைத்துக் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அன்று மோதியிருந்தால்? கிரானில் இல்லாத இஞ்சின்; அறிவிக்கப்படாத மாற்றம். காப்புறுதி நிறுவனம் கையை விரித்திருந்தால் அந்தப் பெற்றோர்களிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த மூவரின் பெயர்களும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன.

வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பினேன். இருந்த இஞ்சினையே பதிந்துவிடலாம் என்றால், அதற்குச் சுங்கத்துறையின் இறக்குமதிப் படிவம் வேண்டும். என்னிடம் இருந்தது விலை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. விற்றுவிடலாமா என்றும் எண்ணினேன். மனைவி மட்டும், "யாரிடம் விற்பீர்கள்? அவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்களே" என்றார். (விலையைப் பாதியாகச் சொன்ன கதையும் அன்றுதான் வெளிவந்தது. அதை இங்கே விரிக்க வேண்டாம்.)

எட்டு மாதங்கள் காத்திருந்தோம். படிவத்தோடு கூடிய ஹாஃப் கட் கிடைத்ததும் அவன் அழைத்தான். வாங்குவதற்கு முன் என்னையும் உடன் நிறுத்திச் சோதித்தான். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால்போல் படிந்திருக்கிறதா எனப் பார்த்தான். படிந்திருந்தால் குளிர்நீர் எண்ணெயில் கலக்கிறது என்று பொருளாம். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தமானியை வைத்து அளந்தான். எண் பெரிதாக இருப்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதே முக்கியம் என்றான். டைமிங் பெல்ட்டைப் பார்க்காமலேயே புதியது போட்டான். அது எத்தனை ஆண்டு ஓடியதோ நமக்குத் தெரியாது. ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எல்லாம் நாசம். முன் பிரேக்குகள் முழுமையாக இந்தத் தலையிலிருந்தே வந்தன. பழைய இஞ்சினை வேறொருவர் கேட்டு வந்தார். "அதைக் கழற்றிப் பாகமாகத்தான் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டான்.

அதன்பின் பரிசோதனை, படிவங்கள், முத்திரைகள். நாம் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. சில காலை வேளைகள் போயின. புதிய எண் பதிவாகியது. காப்புறுதிக்கும் எழுதி அறிவித்தேன்; தவணை சற்று ஏறியது. மொத்தச் செலவு பத்தாயிரம் ரிங்கிட்டை நெருங்கியது. இம்முறை வீட்டில் முழுத் தொகையையும் சொன்னேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று அவன் பற்றுச்சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தான். 'எண்ணெய்' என்பதை 'எண்ணை' என்று எழுதியிருந்தான். கடைசி வரியில், 'காடி கழுவியது – இலவசம்' என்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். அதில் குத்தல் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "தம்பி, அன்றைக்கு உன் அம்மாவிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது" என்றேன். "அம்மா உள்ளேதான் இருக்கிறார் சார், அவரிடமே சொல்லுங்கள்" என்றான்.

பட்டறையின் பின்பக்கம் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். சொன்னேன். "அந்த நோட்டு உங்களிடம் இன்னும் இருக்கிறதா சார்?" என்று மட்டும் கேட்டார். இல்லை. அவ்வாண்டு இறுதியில் பழைய தாள்களோடு போட்டுவிட்டேன். அதையும் சொன்னேன். "பரவாயில்லை சார், தேநீர் குடியுங்கள்" என்றார்.

இப்பொழுது ஐயாயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றக் காப்பாருக்குப் போகிறேன். இந்த இஞ்சினில் எண்ணெய் குறைந்தால் அந்த உயர்ந்த மேடு வேலைக்கு வராது. 97 பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். அழுத்த விகிதம் மிகுந்த இஞ்சின், மலிவானதை ஊற்றினால் உள்ளே தட்டும். புகைபோக்கியை ஓசை குறைந்ததாக மாற்றிவிட்டேன். தலைமையாசிரியருக்கு அதில்தான் அதிக மகிழ்ச்சி. பின்சக்கர வளைவில் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. வரும் பள்ளி விடுமுறையில் அதைச் சுரண்டிச் சாயம் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.