கம்பியில்லாக் காவல்

முன்னாளில் கள்வர் கன்னக்கோல் கொண்டு மண்சுவரைத் துளைத்தனர். அவர்களை அறிந்து குரல் கொடுக்க ஊருக்கொரு தலையாரி இருந்தார். இன்று சுவர்கள் சிமெண்ட்டாயின, தலையாரியும் மறைந்தார். கோவளத்தில் உள்ள எம் இல்லத்திற்குக் கம்பியில்லாத் திருட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்பட்ட நாம், கருவியைப் பற்றி மட்டுமன்றி எம்மைப் பற்றியும் சில அறிந்துகொண்டோம். அவற்றை மாணவச் செல்வங்களுடனும் ஊர்ப் பெரியோருடனும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

தந்தையார் மறைந்தபின் அன்னையார் அவ்வீட்டில் தனியே வாழ்கின்றார். பணி நிமித்தம் சென்னையில் வாழும் நாம் பலமுறை அழைத்தும் அவர் வரவில்லை. "கடலோசை கேட்காத இடத்தில் எனக்கு உறக்கம் வராது தம்பி" என்பதே அவர் விடை. ஒருநாள் நள்ளிரவில் எவரோ கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நெம்பினர். அன்னையார் விளக்கேற்றியதும் ஓடிவிட்டனர். பொருளேதும் போகவில்லை, எம் உறக்கம்தான் போயிற்று.

அச்சத்தில் செய்யும் கொள்முதல் அரைகுறையாகவே அமையும். கடையில் விலை குறைந்த பெட்டி ஒன்றை வாங்கி, அதன் உணரியைக் கொல்லைப்புறத்தில் பொருத்தினோம். மூன்றாம் நாள் விடியற்பொழுதில் அது அலறியது. கடலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மீனவ அன்பர்கள் துடுப்புகளுடன் ஓடிவந்தனர். வந்திருந்தது ஒரு பூனை! மறுநாளும் அலறியது, இருவர் வந்தனர். அதற்கடுத்த முறை முதியவர் ஒருவர் மட்டுமே வந்தார். "பாய், மணி அடிச்சா ஓடி வரணுமா வேணாமா? அதை மட்டும் சொல்லிடுங்க" என்றார். எம்மால் விடை கூற இயலவில்லை.

மணி கள்வனைப் பிடிப்பதில்லை, மனிதரை அழைக்கிறது. அழைத்தால் வருவார்கள் என்னும் நம்பிக்கையே அதன் வலிமை. பொய்யாக ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் அந்நம்பிக்கையில் ஒரு பங்கு கரைகிறது. இதனை உணர்ந்த பின்னரே முறையாகக் கற்கத் தொடங்கினோம்.

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு மணிக்கு அகஸ்டஸ் போப் என்பார் 1853இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று மூடி மணி ஒலிக்கும் என்பதே அதன் எளிய தத்துவம். இன்றைய கதவு உணரியும் அதன் வழித்தோன்றலே. கதவில் ஒரு சிறு காந்தம். நிலையில் ஒரு சிறு இணைப்பி. காந்தம் விலகியதும் கம்பிக்குப் பதிலாக வானொலி அலை செய்தியைச் சுமந்து செல்கிறது. மற்றொரு வகை உணரி, நடமாடும் உடலின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்வழி அறிவது. பூனைக்கும் உடற்சூடு உண்டன்றோ! மேலும், சித்திரை வெயிலில் சுற்றுப்புறமே உடற்சூட்டை நெருங்கும்பொழுது, அவ்வகை உணரியின் கூர்மை மழுங்கும். ஆகவே அதன் இடம் வீட்டின் உட்கூடமேயன்றிக் கொல்லைப்புறமன்று.

கம்பியில்லாக் கருவிக்கு மற்றொரு குறையும் உண்டு. மலிவான கருவிகள் பல 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மாறாத குறியீடு ஒன்றையே அனுப்புகின்றன. அதனைப் பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பி ஏமாற்றலாம். இரைச்சல் அலைகளால் அடக்கவும் கூடும். அவற்றின் உணரி பேசும், ஆனால் கேட்காது. செய்தி சேர்ந்ததா என்பதை அது அறியாது.

இவ்விடத்தில் எம் ஊரின் வரலாறே நினைவுக்கு வந்தது. 1752இல் கோவளக் கோட்டை இராபர்ட் கிளைவிடம் சரணடைந்தது. அதனை அறியாத படையொன்று, கோட்டையைக் காப்பதற்கெனச் செங்கல்பட்டிலிருந்து புறப்பட்டு வந்தது. வீழ்ந்த செய்தி அவர்களை எட்டாதவாறு பார்த்துக்கொண்ட கிளைவ், வழியில் பதுங்கியிருந்து அப்படையை முறியடித்தார். கோட்டையிலிருந்து செய்தி வரவில்லை என்பதே பெருஞ்செய்தி என்று எவரும் ஐயுறவில்லை. நல்ல கருவியோ ஐயுறும். அதன் உணரிகள் குறித்த நேரத்திற்கு ஒருமுறை 'நலம்' என்று தெரிவிக்கும். அக்குரல் நின்றால் தலைமைப் பெட்டி உடனே எச்சரிக்கும்.

இறுதியில் நாம் வகுத்துக்கொண்ட விதிகள் இவை: வாயில்களுக்குக் காந்த உணரி, கூடத்திற்கு மட்டும் வெப்ப உணரி, மாறிவரும் குறியீடு, உணரிகளின் நலம் அறியும் ஏற்பாடு, மின்சாரம் நின்றாலும் இயங்கும் பேட்டரி. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததை அறிந்தோர்க்கு இறுதி விதியின் தேவையை விளக்க வேண்டுவதில்லை. இணையம் ஒன்றையே நம்பாமல் சிம் அட்டை வழியாகவும் அழைக்கும் பெட்டியைத் தேர்ந்தோம். உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும் ஆதலின், அவற்றை அடிக்கடி துடைக்கவும் உறுதி பூண்டோம். அழைக்கப்படும் எண்களில் முதலாவது எம்முடையதன்று, அம்முதியவரின் இல்லத்தினுடையது. நாம் சென்னையிலிருந்து வந்து சேருமுன் அவர் வந்து நிற்பார்.

பொருத்தி முடித்தபின், கழுத்தில் அணியும் சிறு அவசரப் பொத்தானை அன்னையாரிடம் கொடுத்தோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திருடன் வந்தால்தான் இதை அழுத்தணுமா தம்பி? நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாலும் அழுத்தலாமா?" என்று கேட்டார்.

அவ்வினா எம்மைச் சுட்டது. கதவுகளை எண்ணினோம், சன்னல்களை எண்ணினோம், அலைவரிசைகளை ஆராய்ந்தோம். அவர் அஞ்சியது கள்வனையன்று. விழுந்து கிடந்தால் அறிவார் எவருமில்லையே என்பதைத்தான் அவர் அஞ்சினார் என்பதை ஒருபொழுதும் எண்ணிப் பார்த்தோமில்லை. 'நலம்' என்ற குரல் குறித்த நேரத்தில் வரவில்லையெனில் பதறும் பெட்டியை விலை கொடுத்து வாங்கிய நாம், அன்னையாரின் குரலைக் கேளாமல் வாரக்கணக்கில் இருந்திருக்கிறோம்.

கருவியை மாதமொரு முறை சோதித்தால் போதும் என்றனர் பொருத்தியவர்கள். நாமோ வெள்ளிதோறும் மாலையில் கோவளம் செல்கின்றோம். அண்டை வீட்டாரிடம் முன்னரே கூறிவிட்டு, ஒரு நொடி ஒலிக்கச் செய்து நிறுத்துகின்றோம். பின்னர் இரவு உணவு அன்னையாருடன். "இதைச் சோதிக்கத்தான் வந்தோம்" என்கின்றோம். அவரும் நம்புவதுபோல் இருக்கின்றார்.