ரைட் ஆஃப் ஆனால் கடன் போய்விடுமா?

ஸ்கூல் படிக்கும்வரை ஃப்ரேசல் வெர்ப் என்றால் எங்களுக்கு ஆங்கிலப் பரீட்சையில் வரும் குட்டிக் கேள்வி, அவ்வளவுதான். 'கிவ் அப்' என்றால் கைவிடு, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. மனப்பாடம் பண்ணினோம், எழுதினோம், மறந்தோம். பி.காம். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, காமர்ஸ் வண்டியே இதன்மேல்தான் ஓடுகிறது என்று. கேரி ஃபார்வர்ட், செட் ஆஃப், வைண்ட் அப், டேக் ஓவர், ரைட் ஆஃப்... பக்கத்துக்கு நாலு!

விஷயம் சிம்பிள்தான். ஒரு வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட் மாதிரி ஒரு குட்டிச்சொல் ஒட்டினால் அர்த்தமே மாறிவிடும். இது நமக்குப் புதுசா என்ன? ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் அம்மாவைத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏற்றிவிடுவதும், சண்டை போடச் சொல்லி ஒருத்தனை ஏற்றிவிடுவதும் ஒன்றா? போட்டுக்கொடு, கழற்றிவிடு, விட்டுப்பிடி என்று நம்மிடமும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. நமக்கு ஒட்டும் சொல்லும் ஒரு வினைச்சொல்; அவர்களுக்கு அது பெரும்பாலும் திசையையோ இடத்தையோ சொல்லும் சொல். வித்தியாசம் அதுதான்.

சில இடங்களில் நாம் அர்த்தத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறோம். ஓசூர் பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் '2024 பாஸ்டு அவுட்' என்று போடுவார்கள். வெளிநாட்டுக்காரர் படித்தால், அந்த வருஷம் மயங்கி விழுந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று நினைத்தாலும் நினைப்பார் :-) ஆனால் ராணுவத்தில் பயிற்சி முடிந்து வெளியேறுவதற்கு அதே சொல்தான். சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமியில் நடப்பதும் 'பாசிங் அவுட் பரேட்'தான். நாம் அதைக் காலேஜுக்கும் கொண்டுவந்துவிட்டோம். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

'ரைட் ஆஃப்' அப்படி இல்லை. அதில் நஷ்டம் இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெரியவர். மாட்டுக்கடன் வாங்கி, மாடு செத்து, தவணை நின்றுபோனது. சில வருஷம் கழித்து வங்கியில் "உங்க கணக்கு ரைட் ஆஃப் ஆயிடுச்சு" என்றார்களாம். அவர் ஊரெல்லாம் "என் கடன் தள்ளுபடி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். பிறகு ஒரு டூவீலர் வாங்க ஃபைனான்ஸ் கேட்டபோது சிபில் ரிப்போர்ட்டில் 'ரிட்டன் ஆஃப்' என்று நிற்கிறது. கடன் கிடைக்கவில்லை. பழைய பாக்கியும் அப்படியே இருக்கிறது.

அவரைக் குறை சொல்ல முடியாது. தள்ளுபடி என்ற ஒரே சொல்லை எத்தனை இடத்தில் போடுகிறோம்! ஆடித் தள்ளுபடி, மனு தள்ளுபடி, கடன் தள்ளுபடி. 2008-ல் மத்திய அரசு விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. இவையெல்லாம் 'வேய்வர்'. கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம், அந்தச் சுமையை அரசு ஏற்றுக்கொள்கிறது.

ரைட் ஆஃப் வேறு. கடன் வாராக்கடனாகி, அதற்கு முழு ஒதுக்கீடும் செய்து நான்கு வருஷம் ஆனால், வங்கி அதைத் தன் பேலன்ஸ் ஷீட்டிலிருந்து எடுத்துவிடலாம். வங்கியின் கணக்குப் புத்தகம் சுத்தமாகும், வரியிலும் கொஞ்சம் மிச்சம். வாங்கியவர் தலையில் கடன் அப்படியேதான் இருக்கும். நோட்டீஸ் வரலாம், லோக் அதாலத்துக்குக் கூப்பிடலாம், வழக்கும் போடலாம்.

நம்ம அக்கவுண்ட்ஸ் புத்தகத்திலேயே சாட்சி இருக்கிறது. வாராக்கடன் எழுதிய பிறகு, 'பேட் டெட்ஸ் ரெக்கவர்டு' என்று ஒரு என்ட்ரி போடுகிறோமே, எதற்கு? ரைட் ஆஃபோடு கடன் செத்துவிட்டால் அந்த என்ட்ரிக்கே வேலை இல்லையே!

பெரிய இடத்திலும் இதே குழப்பம்தான். 2021-22 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் சுமார் 10 லட்சம் கோடி ரூபாயை ரைட் ஆஃப் செய்தன என்று 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. "கார்ப்பரேட்டுக்குத் தள்ளுபடி" என்று ஒரு பக்கம் சத்தம். "அது வெறும் கணக்கு நடவடிக்கை, கடன் போகவில்லை" என்று இன்னொரு பக்கம். சொல்லளவில் இரண்டாவது பக்கம் சொன்னதுதான் சரி. ஆனால் அதே பதிலில் இன்னொன்றும் இருந்தது: அந்த ஐந்து வருஷத்தில் ரைட் ஆஃப் ஆன கணக்குகளிலிருந்து திரும்ப வந்தது சுமார் 1.32 லட்சம் கோடிதான். அர்த்தம் சரியாக இருந்தால் மட்டும் பணம் வந்துவிடாது என்பதும் உண்மை.

தமிழ் மீடியம் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இதற்கு 'போக்கெழுதுதல்' என்று ஒரு சொல் உண்டு. நல்ல சொல், ஆனால் வகுப்பைத் தாண்டவில்லை. செய்தி எழுதுகிறவர்கள் 'கணக்கிலிருந்து நீக்கம்' என்று எழுதினால்கூடப் போதும். தள்ளுபடி என்ற சொல்லை வேய்வருக்கு மட்டும் விட்டுவிடலாம்.

அதுவரை, உங்கள் வீட்டில் யாரிடமாவது வங்கியில் "ரைட் ஆஃப் ஆயிடுச்சு" என்று சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "அப்போ நோ டியூ சர்டிஃபிகேட் கொடுப்பீங்களா சார்?" வரும் பதிலிலேயே தெரிந்துவிடும், நீங்கியது கடனா, கணக்கு மட்டுமா என்று.