பின்சக்கரத்து வம்பு

கவென்ட்ரி

அன்புத் தோழி,

இவர் ரிட்டயரான கையோடு ஒரு கார் வாங்கிவிட்டார் என்று போனில் சொன்னேன். என்ன கார் என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3. 1968-ல் இதே ஊரில், கேன்லி தொழிற்சாலையில் செய்தது. துணிக்கூரை, இரண்டே சீட்டு. உள்ளே போய் உட்கார்ந்தால் எழுந்து வர ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். இந்த வயசில் இது தேவையா என்றுதானே கேட்கிறாய்? நானும் கேட்டேன். காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

வந்த நாளிலிருந்து பின்பக்கம் சத்தம். கிளட்சை விட்டால் ‘டக்’. கொஞ்சம் வேகம் எடுத்தால் ஒரு முனகல். ஒரு மெக்கானிக் கடையில் கொண்டுபோய் விட்டார். அவர்கள் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிவிட்டு பில்லை நீட்டினார்கள். பில் பெரிசு. சத்தம் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். கேன்லியில் வேலை பார்த்தவர், வாயைத் திறந்தால் அந்தக் காலம்தான். ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி, பின்சக்கரத்தை மேலே ஒரு கை கீழே ஒரு கை பிடித்து ஆட்டினார். சக்கரம் ‘கிளுக்’ என்று ஆடியது. “ஹப் பேரிங்” என்றார். உள்பக்க ஷாஃப்டைப் பிடித்து முறுக்கினார். “யுனிவர்சல் ஜாயிண்ட் கிராஸும் போச்சு.” ஒரு டீகூடக் குடிக்கவில்லை, அதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் சொன்ன கம்பெனி வம்பைக் கேளேன். ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-ல் விலைக்கு வாங்கிவிட்டது. முழு பாடி செய்து தர ஆளில்லை. அதனால்தான் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு காருக்கு சேஸி தனியாக, மேலே பாடி துண்டு துண்டாக. அந்தச் சேஸியைக் குட்டையாக்கித்தான் வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி ஸ்பிட்ஃபயரை வரைந்தார். கம்பெனியில் காசில்லாமல் மாதிரி வண்டி ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்ததாம். 1961-ல் லேலண்ட் கைக்குக் கம்பெனி போனதும், வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து, இதைச் செய்யலாமே என்றார்களாம். மறு வருஷம் கார் கடைக்கு வந்துவிட்டது.

பின்பக்க ஏற்பாடும் அந்தக் கஞ்சத்தனத்தில் பிறந்ததுதான். டிஃபரன்ஷியல் மேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், இரண்டு சக்கரத்துக்கும் அதுவே பொது. ஷாஃப்டுக்கு உள்பக்கம் மட்டும் கிராஸ் உண்டு. சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்து ஒரே துண்டாக மேலும் கீழும் ஆடும். முன்பின் நகராமல் பிடிக்க ஒரு கம்பி. ஜாக்கியில் தூக்கி இறக்கினால் இரண்டு சக்கரமும் சப்பணம் போடப்போகிறவர் மாதிரி உள்ளே மடங்கி நிற்கும். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டினால்தான் நிமிரும். நின்ற வண்டியில் இது வேடிக்கை. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் மடங்கும், வண்டி சுற்றிக்கொள்ளும். ஸ்பிட்ஃபயருக்கு இருக்கிற கெட்ட பேர் இதனால்தான்.

இவர் தரையில் படுத்துக் கழற்ற, நான் ஸ்டூலில் உட்கார்ந்து மேனுவலை வாசித்தேன். எடுத்ததும் ஷாக்கைக் கழற்றப் போனார். பெரியவர் போட்ட சத்தத்தில் நானே பயந்துவிட்டேன். இந்த வண்டியில் சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்து நிறுத்துவதே ஷாக்தானாம். அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுக்காமல் அதில் கை வைக்கக்கூடாதாம். ஸ்பிரிங் நட்டுகள் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகட்டைத் திறந்தால் எட்டின. ஹப்புக்குக் கீழே போகிற நீள போல்ட்தான் எங்களை அழவைத்தது. துருவேறி உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், சுத்தியலால் அடித்தார். கடைசியில் ஹாக்சா பிளேடைச் சந்தில் நுழைத்து அறுத்துத்தான் எடுத்தார்.

ஹப்பைப் பிடுங்க அதற்கென்றே ஒரு முரட்டுப் புல்லர் வேண்டும். பெரியவர் எங்கிருந்தோ கொண்டுவந்தார். இறுக்க இறுக்க ஒன்றும் அசையவில்லை. திடீரென்று வேட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம், ஹப் கையில் வந்தது. உள்ளே ஊசி பேரிங்கில் கிரீஸே இல்லை. சிவப்புப் பொடி, நாலைந்து ஊசி வளைந்து கிடந்தது. அந்த ஊசிகள் நேராக ஷாஃப்ட் மேலேயே உருள்கிறவை. அதனால் ஷாஃப்டும் தேய்ந்து, நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. இத்தனைக்கும் கிரீஸ் அடிக்க வழி இருக்கிறது: ஒரு சின்ன மூடித்திருகு, அதைக் கழற்றி நிப்பிள் மாட்டினால் போதும். கழற்ற வேண்டுமே என்பதற்காகவே இத்தனை வருஷம் ஒருவரும் செய்யவில்லை. புது ஷாஃப்ட், புது பேரிங், புது கிராஸ், எல்லா புஷ்ஷும் மாற்றியாயிற்று. சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கிற கம்பி சேஸியில் இல்லை, பாடித் தகட்டில் மாட்டுகிறது. அங்கே துரு தின்றிருந்ததால் வெல்டிங் வேறு.

அடுத்தது சண்டை. எந்த ஸ்பிரிங் போடுவது? 1970-ல் வந்த மார்க் 4-ல் அடித்தகடு ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றத் தகடுகளைச் சாய்ந்தாட விட்டார்கள். வளைவில் பின்பக்கத்துப் பிடிவாதம் குறையும். ஈடாக முன்னால் தடித்த ஆன்டி-ரோல் பார் போட வேண்டும். பழைய வண்டியிலும் மாட்டலாம். பெரியவர் ‘ஒரிஜினல்தான் அழகு’ கட்சி. இவர் இரண்டுங்கெட்டான். நான் புதுசுக்கு ஓட்டுப் போட்டேன். ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் மாதிரியான ஜி.டி.6-க்கு 1968-ல் அடியில் விஷ்போன், ரப்பர் கப்ளிங் என்று தாராளமாகச் செலவு செய்துவிட்டு, 1973-ல் அதையெல்லாம் எடுத்துவிட்டு இதே ஆடும் ஸ்பிரிங்குக்குத்தானே வந்தார்கள்? என் கட்சி ஜெயித்தது.

புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும். வண்டி தரையில் நின்று, சீட்டில் ஆள் எடையும் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. என்னை உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். பொன்னி அரிசி மூட்டைகள் ஏறின. சத்தம் போய்விட்டது. வளைவில் இப்போது நான் கதவைப் பிடித்துக்கொள்வதில்லை.

உனக்கு இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. தாம்பரம் வீட்டு ஷெட்டில் நிற்கிற உங்கப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, வண்டலூர்ப் பக்கம் செய்ததானாலும், பின்பக்கம் இதே ஏற்பாடுதான். அதற்கப்புறம் வந்த ஸ்டாண்டர்ட் கேஸலில்தான் அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு ஒரே நேர் அச்சு போட்டார்கள். உங்கண்ணன் அந்த ஹெரால்டைக் காயலான் கடைக்குப் போடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று சொல். முதலில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும், அந்த மூடித்திருகைத் திறந்து கிரீஸ் அடிக்கட்டும். ஷாக்கில் மட்டும் முட்டுக் கொடுக்காமல் கை வைக்க வேண்டாம். என்ன பாகம் வேண்டுமோ எழுதச் சொல், நான் இங்கிருந்து அனுப்புகிறேன்.

உன்
அன்புத் தோழி