தேவாரப் பதிவு அறையில் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி

 

ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு வர்றவங்க, மண்டபத்துக்குப் பின்னாடி இருக்கிற பழைய ஸ்டோர் ரூம்ல ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்த்திருப்பீங்க. மேலயும் கீழயும் தள்ளுற மாதிரி ஒன்பது விசை வரிசையா இருக்கும். “இது என்ன, திருவிழா லைட் போடுறதா?”ன்னு நாலு பேர் கேட்டாச்சு. நிர்வாகக் கூட்டத்துல ஒருத்தர், “லேப்டாப்புல மவுஸ் இருக்கே, இதுக்கு ஏன் 1,300 வெள்ளி?”ன்னு கேட்டார். கேட்டது தப்பே இல்லை. அன்னைக்கு எனக்குச் சரியா பதில் சொல்லத் தெரியல. அதான் இப்ப எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நம்ம ஓதுவார் ஐயாவுக்கு வயசு 79. போன தைப்பூசத்துக்கு அப்புறம் அவருக்கு மூச்சு வாங்குறது உங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு அடி பாடினா, கடைசிச் சொல்லு காத்துல கரைஞ்சு போயிடுது. கொல்லி, பழந்தக்கராகம், காந்தாரபஞ்சமம்னு பண் மாறாமப் பாட நம்ம பிள்ளைங்களுக்கு அவர் ஒருத்தர்தான் இருக்கார். குரலைப் பதிவு பண்ணி வச்சிடணும்னு முடிவாச்சு. ஐயாவைக் கிள்ளான்ல இருந்து கோலாலம்பூர் ஸ்டூடியோவுக்கு வாராவாரம் கூட்டிட்டுப் போறது நடக்காத காரியம். அதனால ஸ்டோர் ரூம் சுவத்துல பழைய மெத்தைகளைச் சாத்தி, மைக் வச்சு, இங்கேயே ஆரம்பிச்சோம்.

பதிவு பண்றது பெரிய விஷயமில்லை. பண்ணின பிறகு ஐயா குரல், பிள்ளைங்க குரல், வயலின், மிருதங்கம், தாளம் எல்லாத்தையும் ஏத்தி இறக்கிச் சமன் பண்ணணும். அதை யார் செய்யறது?

“நான் செய்றேன் அங்கிள்”னு சொன்னது மிருதங்கத் தம்பி. பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கொமுட்டர் ரயில்ல தனியா வருவாரே, அவர்தான். பிறவியிலேயே பார்வை இல்லை. பகல்ல மசாஜ் வேலை. பிரிக்பீல்ட்ஸ் பத்தி உங்களுக்குத் தெரியும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951ல ஆரம்பிச்சு அங்கேதான் இருக்கு. நடைபாதையில மஞ்சள் மேட்டுக் கல் பதிச்சிருக்கும், வெள்ளைக் கோல் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். தம்பி சொன்னதும் கூட்டத்துல யாரும் பேசல. கண்ணு தெரியாதவர் கம்ப்யூட்டர்ல எப்படிங்கிற யோசனை. பேசாம இருந்ததுல நானும் ஒருத்தன்.

அவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். என்.வி.டி.ஏ.ன்னு ஒரு இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத ரெண்டு பேர் 2006ல தொடங்கினதாம். திரையில இருக்கிறதை வாயால படிச்சுச் சொல்லும். பாட்டுப் பதிய ரீப்பர். அதோட ஓசாரான்னு ஒரு துணை மென்பொருள், ரீப்பர் திரையில இருக்கிறதை என்.வி.டி.ஏ. படிக்கிறதுக்கு உதவும். விரல் பறக்குது. எனக்கு ஒண்ணும் புரியல, அவ்வளவு வேகம்.

ஆனா ஒரு தொல்லை. ஒரு குரலை ஏத்தினா “மைனஸ் ஆறு, மைனஸ் அஞ்சரை”ன்னு கம்ப்யூட்டர் பேசிக்கிட்டே இருக்கும். அதே நேரத்துல ஐயாவும் பாடுவார். எதைக் கேக்கிறது? நாம பாட்டைக் கேட்டுக்கிட்டே கண்ணால திரையைப் பார்க்கிறோம். அவருக்கு ரெண்டுக்கும் காது ஒண்ணுதான். “கையால தொடுற மாதிரி ஃபேடர் இருந்தா காதைப் பாட்டுக்கே குடுத்துடலாம் அங்கிள்”னு சொன்னார்.

அப்படித்தான் பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச் பெட்டி வந்தது. ஸ்டூடியோவை மூடின ஒருத்தர்கிட்ட ரெண்டாங்கை. ஒரு அன்பர் உபயம், பேர் சொல்லக்கூடாதுன்னுட்டார். வாங்கிட்டு வந்து மைக் குத்துற ஓட்டை எங்கேன்னு ரொம்ப நேரம் தேடினேன். இல்லவே இல்லை! அப்புறம்தான் தெரிஞ்சது, இது மிக்ஸர் இல்லை. இதுக்குள்ள சத்தமே போறதில்லை. “முதல் தடத்தை இவ்வளவு ஏத்து”ன்னு கம்ப்யூட்டருக்குக் கட்டளை மட்டும் போகும். மிடின்னு ஒரு மொழி, 1983ல வந்தது, அதுல பேசிக்கும். இங்கிலீஷ்ல கண்ட்ரோல் சர்ஃபேஸ்னு சொல்றாங்க. எங்க ஃபேக்டரி கண்ட்ரோல் பேனல் மாதிரின்னு வச்சுக்குங்க. பேனல்ல பட்டனை அமுக்கினா தூரத்துல மோட்டார் ஓடும், மோட்டார் பேனலுக்குள்ள இருக்காது.

யூ.எஸ்.பி. குத்தினேன். விளக்கு எரிஞ்சது. ரீப்பர் அமைப்புக்குள்ள போய் ‘மேக்கி கண்ட்ரோல் யூனிவர்சல்’ சேர்த்தேன். ஃபேடரைத் தள்ளினா திரையில ஒண்ணும் அசையல. கேபிள் மாத்தினேன், ட்ரைவரை அழிச்சுத் திரும்பப் போட்டேன். மூணு ராத்திரி போச்சு. வீட்டுல சாப்பாட்டுத் தட்டு ஆறிப்போய், அம்மாகிட்ட வாங்கின திட்டு தனிக்கதை.

முப்பது வருஷமா மெஷின் பார்க்கிறவன் நான். புது டெக்னீஷியன் பையன்களுக்கு முதல்ல சொல்லித் தர்றதே, ‘ஸ்க்ரூவைக் கழட்டாதே, முதல்ல செலக்டர் எந்த மோட்ல இருக்குன்னு பாரு’ங்கிறதுதான். அதை நானே மறந்துட்டேன். இந்தப் பெட்டிக்கு மேக்கி, ஹூயின்னு ரெண்டு பாஷை தெரியும். மேக்கியில ஒவ்வொரு ஃபேடரும் பிட்ச் பெண்டுங்கிற செய்தியை அனுப்பும், அதுல 16,384 படி வரைக்கும் இடம் இருக்கு. ஹூயில வேற செய்தி, ரெண்டு துண்டா உடைச்சு அனுப்பும். பழைய சொந்தக்காரர் ஹூயில விட்டுட்டுப் போயிருக்கார், ரீப்பர் மேக்கிக்குக் காத்துக்கிட்டு இருக்கு. ஒருத்தர் தமிழ்ல கேக்க, இன்னொருத்தர் ஹொக்கியன்ல பதில் சொல்ற கதை. முதல் தடத்தோட ‘செலக்ட்’ பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பெட்டியை ஆன் பண்ணினா மெனு வரும். எம்.சி.ன்னு மாத்தினேன். ஃபேடரைத் தள்ளினேன், திரையில ஐயா தடம் ஏறிச்சு!

ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவுல ‘வேலை முடிஞ்சது’ன்னு போட்டேன். நிறைய பேர் கும்பிடு போட்டீங்க. பெருமையாத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து உட்கார்ந்தார். எட்டு ஃபேடரையும் ஒரு தடவை தடவினார். பேங்க் பட்டனை அமுக்கினார். மறுபடி தடவினார். திருப்பி அமுக்கினார்.

“அங்கிள், இது ஊமையா இருக்கு.”

“ஏன் தம்பி, தள்ளுங்க, வேலை செய்யுதே. திரையில நல்லா ஏறுது, இறங்குது.”

“நான் சொல்றது அதுக்குக் கேக்குது. அது எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது.”

எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. நம்மகிட்ட இருக்கிறது பதினோரு தடம், பெட்டியில தடத்துக்கு எட்டு ஃபேடர்தான், ஒன்பதாவது மொத்தத்துக்கு. பேங்க் அமுக்கினா அடுத்த தடங்கள் கைக்கு வரணும். அப்ப ஒவ்வொரு ஃபேடரும் தானா ஓடி, அந்தத் தடம் இருக்கிற உயரத்துல போய் நிக்கணும். அதுக்குத்தான் உள்ள மோட்டார் வச்சிருக்கான். பட்டன்கள்ல விளக்கு மாறாததையும், சின்னப் பெயர்த்திரை காலியா இருந்ததையும் நான் பார்த்தேன்தான். அதெல்லாம் அழகுக்குன்னு விட்டுட்டேன். கண்ணு இருந்ததால பெரிய திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கிட்டேன்.

தப்பு என் கையிலதான். யூ.எஸ்.பி.யில இந்தப் பெட்டி ரெண்டு பேர்ல வரும்: இன்ட், எக்ஸ்ட். எக்ஸ்ட்ங்கிறது பின்னாடி வேற கருவி குத்துற மிடி ஓட்டைக்கு. ரீப்பர்ல உள்ளே வர்றதுக்கு இன்ட் சரியாப் போட்டிருக்கேன், வெளியே போறதுக்கு எக்ஸ்ட் போட்டிருக்கேன். கம்ப்யூட்டர் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு, ஆளில்லாத வாசல்ல. ரெண்டையும் இன்ட் ஆக்கினேன். அந்தப் பக்கத்துல ‘9’னு ஒரு எண் இருக்கும், யாராவது இனிமேல் திறந்தா தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க.

சர்ர்னு ஒரு சத்தம். எட்டு ஃபேடரும் ஒரே நேரத்துல ஓடி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரத்துல நின்னுச்சு. தம்பி கையை வச்சார். இடதுல இருந்து வலதுக்கு மெதுவா. “ஐயா இங்க. வயலின் அதிகமா இருக்கு. தாளம்… யாரு இவ்வளவு ஏத்தினது?” நான்தான் ஏத்தினேன். சொல்லல.

பெயர்த்திரையில வர்ற எழுத்து அவருக்குப் பயனில்லை. அதனால தடங்களுக்கு நிரந்தர இடம் வச்சுட்டார், ஐயா எப்பவும் முதல் ஃபேடர். அலமாரிக் கதவுல ஒட்டுற சின்ன ரப்பர் பொட்டு வாங்கி, ஓட்டுற பட்டனுக்கு ஒண்ணு, பதியுற பட்டனுக்கு ரெண்டு ஒட்டியிருக்கோம். பிள்ளைங்க அதைப் பிச்சு விளையாடாம பார்த்துக்குங்க. விபூதிக் கையோடயும் தொடாதீங்க, தூள் உள்ள போச்சுன்னா ஃபேடர் கரகரங்கும்.

போன வாரம் ஐயா வந்து உட்கார்ந்தார். ஒரு பதிகம் ஓடுது. அடி முடியுற இடத்துல ஐயா குரல் இறங்கும்போதெல்லாம் தம்பி விரல் முதல் ஃபேடரை ஒரு மயிரிழை ஏத்தும், அடுத்த அடி தொடங்கும்போது இறக்கும். முதல் தடவை கேட்டப்பவே எந்த இடம்னு மனசுல வாங்கிட்டார். அந்த அசைவையும் கம்ப்யூட்டர் பதிஞ்சுக்கிட்டது. பிறகு கையை எடுத்துட்டு ஆரம்பத்துல இருந்து ஓட்டினார். ஃபேடர் தானா ஏறுது, இறங்குது.

ஐயா குனிஞ்சு அதையே பார்த்துக்கிட்டு இருந்தார். விரலை நீட்டினார்.

“ஐயா, தொடாதீங்க. தொட்டா நீங்க ஓட்டுறதா நினைச்சு நின்னுடும். பக்கத்துல வச்சுப் பாருங்க.”

கண்ணு தெரியாத பிள்ளைக்கு ஐயா விரல் நீட்டினது எப்படித் தெரிஞ்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல. ஐயா விரலைப் பக்கத்துல வச்சுக்கிட்டார். “எனக்கு மூச்சுப் போற எடத்துல எல்லாம் இது ஏறுதுடா”ன்னார். அப்புறம் பதிகம் முடியுற வரைக்கும் பேசல.

இன்னும் ஒன்பது பதிகம் பாக்கி. ஐயா ஞாயிறு மாலை நாலு மணியில இருந்து ஆறு வரைக்கும்தான் பாட முடியும். அன்னதானக் கூட்டத்துத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் கிரைண்டர் போடாதீங்க. மெத்தையைத் தாண்டி மைக்ல கேக்குது. உளுந்தை மூணு மணிக்கே ஆட்டிடுங்க, தூக்கிக் குடுக்க நான் வர்றேன்.