குமிழியில் எரியாத விளக்கு



எங்கள் வீட்டு மீன்தொட்டியில் இரவும் பகலும் காற்றுக்குமிழிகள் எழுந்தவண்ணம் இருக்கும். நான்கு ஆண்டுகளாக அவ்வொலியோடுதான் உறங்குகிறோம். அக்குமிழிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று, எட்டாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகள் ஒருநாள் இஷாவுக்குப் பின் அறிவித்தாள். நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு அப்போது மூன்று வாரங்களே இருந்தன.

அவளை ஈர்த்தது ஒரு காணொலி. ஹாங்காங் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல், 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரே ஒரு நீர்த்துளியை விழச்செய்து 100 சிறு எல்.இ.டி. விளக்குகளை ஒளிரவைத்திருந்தனர். "துளியால் முடியும் என்றால் குமிழியாலும் முடியும்தானே வாப்பா?" என்று கேட்டாள். கேள்வி சரியானதே. அங்குள்ள ஆய்வாளர்களே 2022-இல் குமிழியைக் கொண்டும் மின்னாக்கி அமைத்துக் காட்டியிருக்கின்றனர். ஆனால் நூறு விளக்குகளும் ஒளிர்ந்தது கண்ணிமைக்கும் நேரம் மட்டுமே. காணொலிகள் இதையெல்லாம் அழுத்திச் சொல்வதில்லை.

குமிழிக்குள் மின்சாரம் ஒளிந்திருக்கவில்லை. குழாய்ப் பணியாளர்கள் மரைகளில் சுற்றும் வெள்ளை நிற டெஃப்லான் டேப்பை நாம் அனைவரும் அறிவோம். அப்பொருள் நீரைத் தொட்டால் அதன் பரப்பில் எதிர்மின்னூட்டம் தங்கிவிடும். அதை ஈடுசெய்ய நீரிலுள்ள நேர்மின் அயனிகள் அதனருகே வந்து கூடும். இப்போது ஒரு குமிழி அப்பரப்பின்மீது வழுக்கிச் சென்றால், நீரும் அதனோடு அயனிகளும் விலகிப்போகும். டேப்பின் பின்னால் ஓர் உலோகத் தகடு இருந்தால், சமநிலை குலைந்த அக்கணத்தில் மின்னூட்டம் அதனூடே கம்பியில் ஓடும். குமிழி கடந்ததும் நீர் திரும்பும். மின்னோட்டமும் எதிர்த்திசையில் திரும்பும். உழைப்பு முழுவதும் மேலெழும் குமிழியுடையது.

நீரும் காற்றும் சந்திக்குமிடத்தில் மின்னூட்டம் பிரிவது பழைய செய்திதான். அருவிகளின் அடியில் காற்று மின்னூட்டம் பெறுவதை லெனார்ட் 1892-இல் ஆராய்ந்தார். நீருக்குள் காற்றைக் குமிழிகளாகச் செலுத்தி, வெளிவரும் காற்றின் மின்னூட்டத்தை அளந்தார் கெல்வின் பிரபு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குருப்பென்கினும் டெய்லரும் வேறொரு வழியில் சென்றனர். அவர்களுடைய குழு 2015-இல் வெளியிட்ட கருவியில், குமிழி வளர்ந்து உடையும் ஒவ்வொரு முறையும் மின்தகட்டை நீர் மூடும் பரப்பு மாறும்; அம்மாற்றமே மின்சாரமாகும். காலணிக்குள் பொருத்தி, நடக்கும்போதே மின்சாரம் பெறுவது அவர்களுடைய எண்ணம்.

எங்கள் வீட்டுக் கருவிக்கு இத்தகைய பெருமை எதுவும் இல்லை. பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்று. அதன்மீது சமையலறை அலுமினியத் தாளில் வெட்டிய இரு பட்டைகள். அவற்றை மூடிப் பலசுற்று டெஃப்லான் டேப். கோலைத் தொட்டிக்குள் சாய்வாக நிறுத்தியதும், குமிழிகள் அதன் அடிப்புறத்தில் ஊர்ந்து ஏறின. சில அங்கேயே ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. நீரை ஏற்காத பரப்பு காற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கோலை மேலும் சாய்த்துச் சரிசெய்ய இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.

மல்டிமீட்டரில் எண் தெரிந்தபோது வீடே கூடிவிட்டது. அவளுடைய வாப்பும்மாகூட ஓதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். நாங்கள் அலைபேசியில் படமெடுத்து உறவினர் அனைவருக்கும் அனுப்பினோம். அனுப்பியிருக்க வேண்டாம். மறுநாள் மகள் பம்பின் காற்றுக்குழாயை விரலால் மடக்கி அடைத்துப் பார்த்தாள். குமிழிகள் நின்றன, எண் அப்படியே நின்றது. கருவி அளந்துகொண்டிருந்தது குமிழியை அன்று. பம்பை ஓட்டும் வீட்டு மின்சாரத்தை!

பம்பை நீக்கிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு குமிழியாகச் செலுத்தினாள். ஒவ்வொன்றும் கடக்கையில் எண் சற்றே ஒருபக்கம் சென்று மறுபக்கம் திரும்பியது. சில மில்லிவோல்ட்டுகள்தாம். சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ இரண்டு வோல்ட் வேண்டும்.

கண்காட்சிக்கு நான்கு நாள்கள் இருந்தன. மற்றப் பிள்ளைகள் எரிமலையும் காற்றாலையும் செய்வதாகக் கேள்வி. விளக்கு எரியாத மின்னாக்கியை யார் நின்று பார்ப்பார்? எங்களுள் ஒருவர், யாரென்று இங்கே சொல்லப்போவதில்லை, இரண்டு பொத்தான் பேட்டரிகளை வாங்கிவந்து, தொட்டியின் அடியில் மறைத்துவைத்தால் விளக்கு எரியும் என்றார். மற்றவர் மறுக்கவில்லை. "தத்துவம் உண்மைதானே, காட்டுவதற்காகத்தானே" என்று இருவருமே நியாயம் பேசினோம்.

மகள் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "இது அந்த ஈரமான தானியம் மாதிரி இல்லையா உம்மா?" என்று கேட்டாள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்ட வரலாற்றை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தாம். எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. பேட்டரிகள் மேசை இழுப்பறைக்குள் போயின.

விளக்குக்குப் பதிலாக ஒரு கணக்கை அட்டையில் எழுதினாள். எண்களைச் சரிபார்த்தது மட்டுமே எங்கள் பங்கு. நிமிடத்திற்கு ஒரு லிட்டர் காற்று 30 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எழுந்தால், அக்குமிழிகள் தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 3 ஜூல். அதாவது 50 மில்லிவாட். துளியும் வீணாகாமல் பிடித்தாலும் இரண்டு சிறு விளக்குகளுக்கே காணும். எங்கள் பம்போ 3 வாட் உண்கிறது. ஆகவே குமிழிகளை உண்டாக்கி மின்சாரம் எடுப்பது நட்டமே. கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளிலும் கடலடிப் பிளவுகளிலும் வேறு காரணங்களால் எழும் குமிழிகளிடமிருந்து, சிறு உணரிகளுக்கு வேண்டிய அளவு கிடைக்கலாம் என்று எழுதினாள். கீழே, முதல்நாள் கண்ட தவறான எண்ணையும் அதன் காரணத்தையும் சேர்த்தாள். அதை விட்டுவிடலாமே என்று எங்களுக்கு இருந்தது, சொல்லவில்லை.

கண்காட்சியன்று பலர் "விளக்கு எங்கே?" என்று கேட்டு நகர்ந்தனர். "எரியாதுங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். எங்களுக்குத்தான் முகம் வாடியது. நடுவர்களில் ஒரு பெண்மணி மட்டும் அட்டையை முழுவதும் படித்துவிட்டு, சிரிஞ்சைத் தாமே வாங்கி, இருபது குமிழிகளாவது விட்டிருப்பார். பம்பை அணைத்துப் பார்க்கத் தோன்றியது எப்படி என்று கேட்டார். "சும்மாதான் டீச்சர், எண் ரொம்பப் பெரிசா இருந்துச்சு" என்றாள்.

பரிசு எரிமலைக்குச் சென்றது. திரும்பும் வழியில் நான்கு டையோடுகள் வேண்டுமென்று கடையில் நிறுத்தச் சொன்னாள். இருதிசையில் ஓடும் மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்ப வேண்டுமாம். வாங்கிக் கொடுத்தோம். இழுப்பறையில் கிடந்த பேட்டரிகளுள் ஒன்று, வாப்பும்மா விரலில் அணியும் தஸ்பீஹ் எண்ணிக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. மற்றொன்று இன்னும் அங்கேயே கிடக்கிறது.