பள்ளி இருந்த ஊர்

குரண்டி என்று ஓர் ஊர் உண்டு; அறிவீர்களா தோழர்களே? அருப்புக்கோட்டையின் தறி ஓசையிலே பிறந்து வளர்ந்த நமக்கே நாற்பது வயது வரை தெரியாது. வடக்கே மதுரைச் சாலையில், ஆவியூரை அடுத்து இருக்கிறது அது. கரிசல் நிலம், கண்மாய்க் கரை, சீமைக்கருவேலங்காடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே, வெண்பு நாட்டுக் குரண்டி என்றால் பாண்டிய நாட்டுச் சமணர் தலை நிமிர்ந்து பார்ப்பர். பராந்தக பர்வதம் என்றும் திருக்காட்டாம்பள்ளி என்றும் பெயர் பெற்ற பெரும்பள்ளி அங்கே இருந்தது. அதனைப் படம் பிடித்து வருவோம் என்று கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

புறப்படத் தூண்டியது ஓர் ஆங்கிலச் சிற்றூர். வில்ட்சயரில் உள்ள லேக்காக். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கன்னியர் மடம் ஒன்று அங்கே உண்டு. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது, 1539இல் அதுவும் மூடப்பட்டது. விலைக்கு வாங்கிய சீமான், தேவாலயத்தை இடித்தான். எஞ்சியதை மாளிகையாக்கிக் கொண்டான். அந்த மாளிகைப் பலகணியைத்தான் 1835இல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் சிறு மரப்பெட்டி ஒன்றினால் படம் பிடித்தார். அந்தப் பெட்டிகளை ‘எலிப்பொறிகள்’ என்று அவர் மனைவியார் கேலி செய்வாராம்! இன்று உலகில் எஞ்சியுள்ள நெகட்டிவ்களுள் மிகப் பழையது அந்தப் பலகணியின் படமே. ஊரும் மடமும் 1944 முதல் தேசிய அறக்கட்டளையின் காப்பில் இருக்கின்றன. செல்பவர் கண்ணுக்கு மடம் நிற்கிறது, கேமராவுக்கும் நிற்கிறது.

குரண்டியில் நமக்கு எது நின்றது? அரை நாள் அலைந்தோம். வெயிலைப் படம் பிடித்தோம், முள்ளைப் படம் பிடித்தோம். தேநீர்க் கடைக்காரர், “என்னய்யா தேடுறீங்க?” என்றார். “பள்ளி” என்றோம். “அதோ, ரோட்டு மேல இருக்கே” என்று அரசுப் பள்ளியைக் காட்டினார். அவரை நொந்து பயனில்லை. சமண முனிவர் உறைந்த இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கே பிள்ளைகள் பாடம் கேட்டனர். படிக்கும் இடத்துக்கெல்லாம் அதுவே பெயராயிற்று. சொல் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. கல் எங்கே போயிற்று?

கல் தெற்கே போயிற்று. திருச்சுழியை அடுத்து, குண்டாற்றங்கரையில் பள்ளிமடம் என்று ஓர் ஊர். அங்குள்ள சிவன் கோயிலில் கட்டிய கற்கள் சிலவற்றில், குரண்டித் திருக்காட்டாம்பள்ளிக்கு அளித்த கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. பள்ளியைப் பிரித்தவர் யார், எதற்காகப் பிரித்தனர் என்பதைக் கல் சொல்லவில்லை. மடத்துக் கல்லை எடுத்து மற்றொன்று கட்டுவது ஆங்கிலேயனும் செய்ததே. ஆனால் அவன் வீட்டுப் பிள்ளை அந்தக் கதையைப் பாடத்தில் படிக்கிறான்.

கல்லெழுத்தைப் படம் எடுப்பது எளிதன்று. நேரே நின்று மின்னொளி அடித்தால் எழுத்து மறைந்து வெறும் பாறை பல்லிளிக்கும். ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் பள்ளங்களில் நிழல் தங்கி வட்டெழுத்து எழுந்து வரும். சுண்ணாம்பும் எண்ணெயும் அப்பிய இடத்தில் அதுவும் பயன்படாது. தொல்லியல் துறையினர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மைப்படி எடுத்து வைத்தது நம் நற்பேறு. நாம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, சுவரோரம் மண்டியிட்டிருந்தோம். பெருக்க வந்த அம்மையார் ஒருவர், “சாமிய விட்டுட்டுக் கல்லப் போயி எடுக்கிறீகளே!” என்று வியந்தார். கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்படி வேண்டினோம், பிடித்தார். எழுத்துத் தெரிந்ததும் அவரும் குனிந்து பார்த்தார்.

மண்டியிட்ட அந்த நிலையில் நம் பாட்டனார் நினைவுக்கு வந்தார். எந்தக் கோயிலாயினும் வாயிலோடு நின்று பழகியவர் அவர். இந்த வட்டாரத்தின் வரலாறு அப்படிப்பட்டது. 1897இல் நாடார்கள் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தனர் என்பதற்காக வழக்கு நடந்தது. கடல் கடந்து பிரிவி கவுன்சில் வரை சென்றது. நுழைய உரிமையில்லை என்றே 1908இல் தீர்ப்பாயிற்று. 1939இல்தான் கோயில் நுழைவுக்குச் சென்னை மாகாணத்தில் சட்டத்தின் துணை கிடைத்தது. சமணப் பள்ளியின் கல் உள்ளே போகலாம்; சுவராகலாம். கல்லை ஆக்கத் தெரிந்த கைகள் வெளியே நிற்க வேண்டும்! கல்லுக்குச் சாதி கேட்பார் இல்லை போலும்.

பின்னொரு நாள் மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடிச் சமணர் மலை ஏறினோம். செட்டிப்புடவுக் குகையில், அமர்ந்த தீர்த்தங்கரர் உருவத்தின் கீழே வட்டெழுத்து. வெண்பு நாட்டுக் குரண்டி அட்டோபவாசி படாரர். அவர் மாணாக்கர் குணசேன தேவர். அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். அவர் குயிற்குடி ஊரார் பேரால் செய்வித்த திருமேனி இது என்கிறது. அட்டோபவாசி என்றால் எட்டு நோன்பு நோற்பவர். அந்த நோன்பை நாம் மேற்கொள்ளப் போவதில்லை. பிற்பகல் ஒரு மணிக்கே பசி நம்மைக் கீழே இறக்கிவிட்டது! ஆனால் ஆசிரியர், மாணவர், மாணவரின் மாணவர் என்று மூன்று தலைமுறை ஒரே வரியில். அதன் முடிவில் அரசன் பெயர் இல்லை, ஊராரின் பெயர். இந்தப் படத்தை எடுக்கும்போது கை சற்றே நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதனால் முதல் படம் கலங்கிவிட்டது, மீண்டும் எடுத்தோம்.

அச்சிட்ட படத்தோடு குரண்டித் தேநீர்க் கடைக்குத் திரும்பினோம். கடைக்காரர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். “இது எந்த ஊரு எழுத்து?” “தமிழ்தான் ஐயா. உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது இதில்.” எங்கே என்றார். விரல் வைத்துக் காட்டினோம். பெஞ்சில் இருந்த இருவர் எழுந்து வந்தனர். புத்தகப் பையோடு மிட்டாய் வாங்க வந்த சிறுமி எட்டிப் பார்த்து, இந்த ‘கு’ ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். தேநீர் ஆறிக்கொண்டிருக்க, வட்டெழுத்து வளைந்த கதையைச் சொல்லத் தொடங்கினோம்.