தேவர்களுக்குப் பிரியமானவன்

வடமொழியில் இரண்டு சொற்கள் தொகையாகும்போது நடுவிலுள்ள வேற்றுமை உருபு மறைந்துவிடும். ஆனால் வைவதென்றால் ஆறாம் வேற்றுமை மறையாது என்கிறார் பாணினி. 'திருடனுடைய குலம்' என்று ஏசும்போது அந்த 'உடைய' முழுசாக நிற்க வேண்டும். அப்போதுதான் வசவுக்கு உறைப்பு. இந்த விதியோடு காத்தியாயனர் 'தேவானாம்பிரிய' என்ற சொல்லையும் சேர்த்தார். தேவர்களுக்குப் பிரியமானவன் என்று பொருள். பல நூற்றாண்டுகள் கழித்து, சித்தாந்த கௌமுதியில் பட்டோஜி தீட்சிதர் அது மூடனைக் குறிக்கும் என்றே எழுதிவிட்டார்.

படித்தபோது மனசு வலித்தது. அது அசோகரின் பட்டம். கலிங்கத்தில் செத்தவர்களுக்காக அவர் கல்லில் வருந்தியதும், சோழ பாண்டிய நாடுகள்வரை மருத்துவ உதவி செய்ததாகச் சொன்னதும் 'தேவானம்பிய' என்ற அந்தப் பிராகிருதப் பெயரில்தான். சொந்தப் பெயரை அநேகமாக எங்குமே வெட்டவில்லை. அதனால் 1837இல் பிராமி எழுத்தைப் படித்த ஜேம்ஸ் பிரின்செப், இவர் இலங்கை மன்னர் தேவநம்பிய தீசனோ என்று முதலில் எண்ணினார். பாலி நூல்களைத் துழாவி, இவர் அசோகர்தான் என்று காட்டியவர் ஜார்ஜ் டர்னர்.

கல்லே அதைச் சொல்ல 1915 ஆயிற்று. ராய்ச்சூர்ப் பக்கம் மஸ்கியில், தங்கச் சுரங்கப் பொறியாளர் பீடன் ஒரு பாறையில் எழுத்துகளைக் கண்டார். 'தேவானம்பியஸ அசோகஸ' என்று தொடங்குகிறது வாசகம். பட்டமும் பெயரும் அடுத்தடுத்து, இரண்டும் ஆறாம் வேற்றுமையில். அதன் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பௌத்த அரசர் மேலிருந்த காழ்ப்புதான் பட்டத்தை வசவாக்கியது என்பார்கள் சிலர். எனக்கு அது ஒப்பவில்லை. பாணினிக்குப் பாஷ்யம் எழுதிய பதஞ்சலி அதை மரியாதைச் சொல்லாக ஆள்கிறார். காழ்ப்பென்றால் அவர் காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டாமா? மேலும், கால்சிப் பாறையில் அசோகர் தமக்கு முந்திய அரசர்களையும் தேவானம்பியர்கள் என்கிறார். கிர்னாரில் அதே இடத்தில் வெறுமனே 'அரசர்கள்' என்றிருக்கிறது. பொதுப் பட்டம் அது. பலர் வாயில் புழங்கும் மரியாதைச் சொல் தேயத்தான் செய்யும். வெயில் ஏறியும் எழாத பிள்ளையை "மகாராசா எழுந்தாச்சா?" என்று அம்மா கேட்பதில்லையா?

இலங்கையில் அது தேயவில்லை. பௌத்தத் துறவி மகிந்தரை மிகிந்தலையில் எதிர்கொண்டு, அனுராதபுரத்தில் தூபாராமத்தைக் கட்டிய தீசனை இன்றும் அந்தப் பட்டம் சேர்த்தே சொல்கிறார்கள்.